நீளத்துக்கு மீறிய எடை

கல்வராயன் மலைக்கு நான் போனது மீன் பார்க்க அல்ல. மீன் பார்க்கப் போன என் மனைவியைப் பார்த்துக்கொள்ள.

சுமதி சென்னையில் ஒரு பெண்கள் கல்லூரியில் விலங்கியல் பேராசிரியை. அவளோடு முதுகலை படித்தவர் டாக்டர் செழியன். கோமுகி அணையிலும், அதற்கு மேலே மலை ஓடைகளிலும் மீன்களைப் பிடித்து, நீளத்தையும் எடையையும் அளந்து, மறுபடி தண்ணீரில் விடுவது அவருடைய தொழில். இதற்குச் சம்பளமும் உண்டு. இப்போது இரண்டு வருடத் திட்டம் ஒன்று கிடைத்திருக்கிறது, கூட்டாளியாக வா என்று சுமதியை அழைத்திருந்தார். போவதானால் கல்லூரியில் விடுப்பு எடுத்துக்கொண்டு கச்சிராயபாளையத்தில் வீடு பார்த்துத் தங்க வேண்டும். "மூணு நாள் வந்து பாரு சுமதி. ஞாயித்துக்கிழமை சாயந்திரம் பதில் சொன்னா போதும்" என்று அவர் தொலைபேசியில் சொன்னது எனக்கும் கேட்டது. குறிப்பாக அந்த 'வா'வும் 'பாரு'வும் கேட்டன. திருமணமாகி இருபத்தைந்து வருடம் ஆன நானே அவளிடம் அவ்வளவு உரிமையோடு பேசுவதில்லை.

"நானும் வரேன்" என்றேன்.

"நீங்க எதுக்கு?"

"இயற்கையைப் பார்த்து நாளாச்சு."

"பால்கனியில இருந்த துளசிக்கே தண்ணி ஊத்தாம கொன்னீங்க. இயற்கை உங்களைப் பார்த்தா பயப்படும்" என்றாள். ஆனாலும் இரண்டு பேருக்குத் துணி எடுத்து வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் செழியன் நின்றிருந்தார். பார்த்ததும் தெரிந்தது, அவர் சரியாக என் உயரம். அடுத்த நொடியே தெரிந்தது, ஒற்றுமை அதோடு முடிந்துவிட்டது. அவருடைய சட்டை பேன்ட்டுக்குள் போய் அங்கேயே இருந்தது. என் சட்டை பேன்ட்டுக்குள் இருப்பதை ஒரு தற்காலிக ஏற்பாடாகவே கருதும்.

டிபன் கடையில் உட்கார்ந்தோம். சென்னையில் சட்னியைக் கரண்டியால் தொட்டுக் காட்டிவிட்டுப் போவார்கள். இங்கே சாம்பார் வாளியையே பக்கத்தில் வைத்துவிட்டார்கள். நான் நான்கு இட்லி, ஒரு பொங்கல், இரண்டு வடை. செழியன் இரண்டு இட்லி. பரிமாறியவர் அவர் இலையை வருத்தத்தோடு பார்த்தார்.

"இன்னா சார், ரெண்டு போதுமா? உங்க ஃப்ரெண்டு எப்படி சாப்பிடறாரு பாருங்க. அவரு ஆளு."

அந்த மூன்று நாளில் செழியனைவிட நான் உயர்வாக மதிக்கப்பட்டது அந்த ஒரு தருணத்தில்தான்.

மீனின் நீளத்துக்கும் எடைக்கும் என்ன சம்பந்தம் என்று, பேச்சில் கலந்துகொள்வதற்காகக் கேட்டேன். செழியன் என் இலையிலிருந்த வடையைக் காட்டினார்.

"இந்த வடையோட நீளம், அகலம், தடிமன் எல்லாத்தையும் ரெண்டு மடங்கு ஆக்குங்க சார். மாவு எத்தனை மடங்கு செலவாகும்?"

"ரெண்டு."

"எட்டு" என்றாள் சுமதி, அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே.

மீனும் அப்படித்தானாம். உருவம் மாறாமல் வளர்ந்தால், நீளம் இரண்டு மடங்காகும்போது எடை எட்டு மடங்காகும். இரண்டை மூன்று முறை பெருக்கினால் எட்டு. அதனால் அந்த மீனுக்கு அடுக்கு எண் மூன்று. அடுக்கு எண் மூன்றைத் தாண்டினால் மீன் வளர வளரக் கொழுக்கிறது. மூன்றுக்குக் கீழே இருந்தால் வளர வளர ஒல்லியாகிறது. ஒரு நீர்நிலையில் மீன்கள் வசதியாக இருக்கின்றனவா, வயிற்றைக் கட்டுகின்றனவா என்பதைக் கரையில் உட்கார்ந்தபடியே இதிலிருந்து சொல்லிவிடலாமாம்.

"நீளம் அப்படியே நின்னு, எடை மட்டும் வருஷா வருஷம் ஏறினா?" என்றேன்.

"அது மீனா இருக்காது சார்" என்றார் செழியன்.

சுமதி சிரித்தாள். இருபது வருடமாக வாரப் பத்திரிகைகளில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறேன். கைப்பிரதியில் அவள் எழுத்துப் பிழை திருத்தியிருக்கிறாள். சிரித்ததில்லை.

செழியனின் ஜீப்பை ஓட்டியவர் கச்சிராயபாளையத்துக்காரரான ஏழுமலை. மீன் எடை போடும் மின்தராசை என் மடியில் வைத்தார்கள். குலுங்கினால் கெட்டுவிடுமாம். 'அவர் மடியில வைங்க, மெத்துன்னு இருக்கும்' என்று சொன்னது என் மனைவி. வழியில் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று அளவுக்கு மீறிய பாரத்தில் சாய்ந்து, பாதிக் கரும்பைச் சாலையில் பரப்பிவிட்டிருந்தது. எல்லோரும் இறங்கி ஒதுக்கினார்கள். ஊர்க்காரர்களோடு ஊர்க்காரராக செழியன் கட்டுக் கட்டாகத் தூக்கினார். நான் தராசோடு ஜீப்பில் இருந்தேன்.

"உங்க வூட்டுக்காரம்மா நல்லா தூக்கறாங்க சார்" என்றார் ஏழுமலை, திரும்பி வந்து உட்கார்ந்தபடி. "நீங்க தராச பாத்துக்கினதும் ஒரு வேலதான்."

அணைக்கரையில் பரிசல்காரர்கள் கொண்டுவந்த கெண்டை மீன்களை ஒவ்வொன்றாகப் பலகையில் கிடத்தி, மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை அளந்தார்கள். பிறகு தராசு. மீன் வாங்க வந்த ஓர் அம்மாள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் கேட்டார்: "இன்னாங்க இது, அளந்து அளந்து வச்சிக்கினு இருக்காங்க, ஒண்ணுகூட வாங்க மாட்றாங்க?"

"படிச்சவங்க" என்றேன்.

"பாவம்" என்றார்.

அணை மீன்கள் ஒழுங்கான மீன்கள். அடுக்கு எண் மூன்றை ஒட்டியே இருந்தது. மாலையில் செழியன் மடிக்கணினியைத் திறந்து இரண்டு கோடுகளைக் காட்டினார். ஒன்று அணை. இன்னொன்று, மேலே வெள்ளிமலைப் பக்கத்து ஓடையில் ஒரு வருடமாக அவர் அளந்தது. இரண்டும் ஒரே கெண்டை வகை. ஆனால் மலைக்கோடு விறுவிறுவென்று மேலே ஏறியது. அதே நீளத்தில் மலை மீனுக்கு எடை கூடுதல். மீன் பெரிதாகப் பெரிதாக அந்த வித்தியாசமும் பெரிதானது.

"மலை ஓடையில தீனி குறைவு. மீன் இளைச்சுத்தான் இருக்கணும். ஆனா பாரு" என்றார் சுமதியிடம். "குளிர்ந்த தண்ணி, ஓட்டம், பிராணவாயு. இதையெல்லாம் வச்சு எழுதப் போறேன்."

சுமதி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொலைக்காட்சியில் நான் ஒரு முறை பேட்டி கொடுத்ததைக்கூட அவள் துணி மடித்துக்கொண்டுதான் பார்த்தாள்.

சனிக்கிழமை மலை ஏறினோம். கொண்டை ஊசி வளைவுகளில் என் வயிறும் நானும் தனித்தனியாகத் திரும்பினோம். இரண்டு பக்கமும் மரவள்ளி. வெள்ளிமலையில் ஒரு வீட்டோடு சேர்ந்த சாப்பாட்டுக் கடையில் சாமைச் சோறும் கருவாட்டுக் குழம்பும் கிடைத்தன. சென்னையில் இந்தச் சாமையைச் சர்க்கரை நோயாளிகளுக்கென்று அழகான பெட்டியில் போட்டு விற்கிறார்கள், மருந்தைப் போலச் சாப்பிடுகிறோம். இங்கே அதைச் சாப்பாட்டைப் போலச் சாப்பிட்டுவிட்டு, மேலும் ஒரு கரண்டி கேட்டேன்.

ஓடைக்கு ஒற்றையடிப் பாதையில் இறங்க வேண்டும். செழியன் பாறைக்குப் பாறை தாவினார். சுமதி புடவையை மாற்றி சுடிதார் போட்டிருந்தாள். அவளும் தாவினாள். நான் இரண்டாவது பாறையில் உட்கார்ந்த நிலையில் மூன்றாவது பாறையை அடைந்தேன். தராசு நனையவில்லை. "தராசுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

செழியன் வீச்சுவலையை வீசினார். அது வட்டமாக விரிந்து விழுந்தது. அந்த வட்டத்தில் ஒரு குறை கண்டுபிடிக்க முயன்றேன், முடியவில்லை. கெண்டைகள் வந்தன. விரல் நீளம்தான், ஆனால் புஷ்டியான விரல். சுமதி ஒன்றை நனைந்த உள்ளங்கையில் ஏந்தி, தலையைச் சாய்த்து, "எங்கடா சாப்பிட்டே இவ்வளவு?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை என்னிடமும் அடிக்கடி கேட்பாள். குரல் வேறு.

அங்கேதான் எனக்கு விஷயம் புரிந்தது. செழியன் மேல் பொறாமைப்பட்டு இரண்டு நாளை வீணடித்துவிட்டேன். என் எதிரி அந்தக் கெண்டை. ஆனால் கெண்டையை முறைத்தால் அது முறைக்காது என்பதால் செழியனையே தொடர்ந்து முறைத்தேன்.

அன்றிரவு சுமதியிடம் "என்ன முடிவு பண்ணியிருக்கே?" என்று கேட்டதற்கு, "நாளைக்குச் சொல்றேன்னுதானே சொல்லியிருக்கேன்" என்றாள். இரண்டு வருடம் காலிங்பெல் அடித்துவிட்டு நானே போய்க் கதவைத் திறந்துகொள்வதாக ஒரு காட்சி கண்முன் வந்தது. தூக்கம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு முழங்கால் மடங்க மறுத்தது. அவர்கள் வழக்கமான பாதையில் ஓடைக்கு இறங்கினார்கள். ஏழுமலை என்னை ஜீப்பில் சுற்றிக் கொண்டுபோய், அதே ஓடைக்குக் கொஞ்சம் மேலே ஒரு பாறைக்குளத்தருகே இறக்கிவிட்டு, டீ குடிக்கப் போனார். குளத்தின் கரையில் மஞ்சள் பூசிய ஒரு கல், ஒரு பெரிய பலாமரம், கிளையில் கட்டித் தொங்கிய இரட்டைத் தட்டுத் தராசு. மலைக்கு வந்தும் தராசா என்று அலுத்துக்கொண்டு நிழலில் உட்கார்ந்தேன்.

பகல் பதினொரு மணி வாக்கில் ஒரு வேன் வந்தது. வடக்கனந்தலைச் சேர்ந்த விவசாயக் குடும்பம். குடும்பத் தலைவர் கோவிந்தன், மனைவி செல்வி, இடுப்பில் மூன்று வயதுப் பெண் குழந்தை. பின்னால் வேன் கூரை வரைக்கும் அரிசிப்பொரி மூட்டைகள்.

"கடை வைக்கப் போறீங்களா?" என்று கேட்டேன்.

"நேர்த்திக்கடனுங்க" என்றார் கோவிந்தன். "பொண்ணு எடைக்கு எடை பொரி. மீனுக்கு."

விசாரித்தேன். குழந்தை போன வருடம் நோஞ்சானாக இருந்ததாம். "அங்கன்வாடியில நிக்க வச்சு அளந்தாங்க, தராசுல போட்டாங்க. பொண்ணு நீட்டா வளந்துக்கினு இருக்குது, ஆனா நீட்டுக்கு ஏத்த எடை இல்லன்னு டீச்சர் சொல்லிடுச்சி. முட்டை குடுத்தாங்க, மாவு குடுத்தாங்க. எல்லாம் குடுத்தோம். அப்படியே இங்கயும் வந்து வேண்டிக்கினோம்."

"எதுல உடம்பு தேறிச்சு? முட்டையிலயா, வேண்டுதல்லயா?"

"அது இன்னாத்துக்கு சார் நமக்கு? ரெண்டு பேருக்கும் குடுத்துட வேண்டியதுதான். டீச்சருக்குப் பொடவ எடுத்துக் குடுத்துட்டோம்."

குழந்தையை ஒரு தட்டில் உட்கார வைத்து, மறு தட்டில் பொரி மூட்டையை வைத்தார்கள். குழந்தை அசையவில்லை. இரண்டு மூட்டை. மூன்று. பொரியை எடைக்கு வாங்கினால் எவ்வளவு இடத்தை அடைக்கும் என்பதை நான் அதுவரை யோசித்ததில்லை. மூட்டைகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி, ஒரு சின்னக் கோபுரமாகக் கயிறுகளுக்கு நடுவில் நின்றன. அப்போதும் குழந்தையின் தட்டு கீழேதான் இருந்தது.

"மொதல்ல அவ செருப்பக் கழட்டுங்க" என்றார் செல்வி. "செருப்புக்கும் சேத்து பொரி போடணுமா?"

"சாமிகிட்ட செருப்புக்குக் கணக்கு பாத்துக்கினு இருக்க."

"கொலுசு வேற. அதையும் கழட்டுங்க."

"வுட்டா மொட்டையடிச்சி ஏத்தச் சொல்லுவ."

கடைசியில் தட்டு அசைந்தது. மூட்டைகளை அவிழ்த்துக் குளத்தில் கொட்டினார்கள். தண்ணீர் வெள்ளையானது, பிறகு கொதித்தது. அவ்வளவு மீன். இந்தக் குளத்தில் யாரும் வலை போட மாட்டார்களாம். போட்டால் போட்டவர் வீட்டுக் குழந்தை இளைத்துவிடும்.

"கீழ ஓடையில பிடிக்கிறாங்களே?"

"கீழ போயிட்டா அது வெறும் மீனுங்க. இங்க இருக்கற வரைக்கும் சாமி புள்ள."

"நிறைய பேர் வருவாங்களா?"

"ஞாயித்துக்கிழமதான் வருவாங்க. ஆடி மாசம் வந்து பாருங்க, வேன் நிறுத்த எடம் இருக்காது. எங்க மச்சான் பையனுக்கு அஞ்சு வயசுல வேண்டிக்கினு, ஒம்பது வயசுல வந்தாங்க. ரெண்டு வேன் பொரி. ஒரு வருசம் யாரோ மிச்சமான பிரியாணிகூட கொட்டிட்டாங்க. அதையும் சாப்டுச்சிங்க."

பொரி குளத்தின் ஓரத்துப் பாறை விளிம்பைத் தாண்டி, வெள்ளைக் கோடாக ஓடையில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. என் முழங்கால் திடீரென்று மடங்கியது. கரையோடு நடந்தேன். கூப்பிடு தூரத்தில், நேற்று நான் மூன்றாவது பாறையை அடைந்த அதே இடம். செழியனும் சுமதியும் வேலையை முடித்துக்கொண்டு பாதையேறிப் போய்விட்டிருந்தார்கள். அவர்கள் வலை வீசும் மடுவில் பொரி வந்து சுழன்றது. கெண்டைகள் மேலே வந்தன. பெரியவை சின்னவற்றை முட்டித் தள்ளிவிட்டு விழுங்கின. சின்னவை ஓரத்தில் நின்று சிந்தியதைப் பொறுக்கின.

பாறையில் உட்கார்ந்து சத்தம் போடாமல் சிரித்தேன். செழியன் வழக்கமாக வருவது வேலை நாட்களில். வருவது கீழ்ப்பாதையில். குளம் வளைவுக்கு அந்தப் பக்கம். ஒரு வருடமாக அவர் அளந்துகொண்டிருந்தது குளிர்ந்த தண்ணீரையும் பிராணவாயுவையும் அல்ல, வடக்கனந்தல் வட்டாரத்துப் பொரியை. பெரிய மீனுக்குப் பெரிய பங்கு. அடுக்கு எண் மூன்றைத் தாண்டாமல் என்ன செய்யும்? கையளவு பொரியைத் தண்ணீரிலிருந்து அள்ளிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன்.

பகல் முழுக்க வாயைத் திறக்கவில்லை. இப்படிப்பட்ட விஷயத்தை ஜீப்பில், குலுக்கலுக்கு நடுவே சொல்லி வீணாக்கக் கூடாது. சாயந்திரம் சாமைச்சோற்றுக் கடையில் மூவரும் உட்கார்ந்தோம். செழியன் ஒரு தோசை சொன்னார். "சரி சுமதி" என்று ஆரம்பித்தார். சுமதி தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

நான் கைக்குட்டையை அவிழ்த்து மேஜையில் வைத்தேன்.

"உங்க மீனோட பிராணவாயு" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். தராசு, குழந்தை, செருப்பு, பிரியாணி. எதையும் விடவில்லை. நான் எழுதிய எந்தக் கட்டுரையும் இவ்வளவு கச்சிதமாக வந்ததில்லை. செழியன் கையிலிருந்த தோசைத் துண்டு தட்டுக்குத் திரும்பியது. பொரியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஒரு வருஷம் சார்" என்றார் மெதுவாக. "மழையில எல்லாம் வந்தேன்."

நான் இன்னொரு கரண்டி சோறு வாங்கிக்கொண்டேன்.

சுமதி என் பக்கம் முழுவதுமாகத் திரும்பி உட்கார்ந்தாள். "எத்தனை மூட்டை? எந்தெந்த மாசம் வருவாங்கன்னு கேட்டீங்களா? குளத்துக்கு மேல ஓடை இருக்கா? அங்க மீன் பார்த்தீங்களா?" பதில் சொல்லச் சொல்ல அவள் தலை மெல்லச் சாய்ந்தது. நேற்று உள்ளங்கையில் கெண்டையை வைத்துக்கொண்டு பார்த்த அதே பார்வை. இருபத்தைந்து வருடத்தில் முதல் முறையாக அது என் மேல் விழுந்தது. வயிற்றைக் கொஞ்சம் உள்ளிழுத்துக்கொண்டேன்.

பிறகு அவள் திரும்பிவிட்டாள்.

"செழியன், இது தப்பாப் போனதில்ல. இதுதான் விஷயமே. குளத்துக்கு மேல பொரி போகாது, கீழ போகும். ஒரே ஓடை, ஒரே மீன். ரெண்டு இடத்திலயும் அளக்கலாம். ஆடிக்கு முன்னாடி, பின்னாடி. ஒரு வருஷம் பத்தாது. ரெண்டு ஆடியாவது பார்க்கணும்."

செழியன் நிமிர்ந்தார். "அப்ப நீ வரியா?"

"வரேன்."

அவர் எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நீங்க சொல்லலன்னா தப்பாவே எழுதியிருப்பேன் சார். ஊர் சிரிச்சிருக்கும்" என்றார். குரலில் ஒரு சொட்டு நடிப்பு இல்லை. அந்த மனிதர் நல்லவர் என்பதும் அப்போது தெரிந்துபோயிற்று. அவரை முறைக்கலாம் என்று எனக்கு மிச்சமிருந்த ஒரே ஆறுதலும் போயிற்று.

கை கழுவும் இடத்தில் சுமதியிடம் கேட்டேன். "ஏற்கெனவே முடிவு பண்ணிட்டுதான் வந்தியா?"

"நேத்தே பண்ணிட்டேன். வேண்டாம்னு சொல்றதா இருந்தேன்."

குழாயை மூட மறந்து நின்றேன்.

"அதே மீனை அளந்து, அதே கோட்டைப் போட ரெண்டு வருஷம் நான் எதுக்கு? உங்களைத் தனியா விட்டுட்டு வரதுக்கு அது பத்தாதுன்னு நினைச்சேன்." குழாயை அவளே மூடினாள். "இன்னைக்கு நீங்க சொன்னது பத்தும்."

திங்கட்கிழமை அவள் ஏழுமலையோடு கச்சிராயபாளையத்தில் வீடு பார்க்கப் போனாள். நான் கள்ளக்குறிச்சியில் தனியாகப் பேருந்து ஏறினேன். பக்கத்தில் திருநாவலூர் கோயிலுக்குப் போகும் ஓர் அம்மாள், மடியில் பூக்கூடை. கொஞ்ச தூரம் போனதும் என் மூஞ்சியைப் பார்த்துவிட்டுப் பேச்சுக் கொடுத்தார்.

"வூட்டம்மா வரலீங்களா?"

"மலையில இருக்காங்க. ரெண்டு வருஷம் அங்கதான்."

"ரெண்டு வருசமா? இன்னா வேல?"

"மீனைப் பிடிச்சு நீளம் பார்த்து, எடை போடற வேலை."

"அதுக்காவ உங்கள வுட்டுட்டா இருக்காங்க? அவ்ளோ பெரிய மீனா?"

"விரல் நீளம்."

அவர் என்னை உச்சி முதல் பாதம் வரை நிதானமாக ஒரு முறை பார்த்தார். இருக்கையில் நான் அடைத்திருந்த இடத்தையும் சேர்த்துப் பார்த்தார். "விரல் நீளமா" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, கூடையை இன்னும் கொஞ்சம் தன் பக்கம் இழுத்து, எனக்கு இடம் விட்டார்.